சின்ன கேமரா வாங்குமுன் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

கல்யாண போட்டோகிராஃபி என் தொழில். மதுரையில் முகூர்த்த நாள் என்றால் தோளில் இரண்டு ஃபுல் ஃப்ரேம் (படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள) பாடி தொங்கும். ஒன்றில் 24-70 மி.மீ. ஜூம் லென்ஸ், இன்னொன்றில் 70-200. அந்த 70-200 லென்ஸ் மட்டுமே ஒன்றரைக் கிலோ வரும். மண்டபத்துக்குள் அதற்கு மரியாதை உண்டு. பெரிய லென்ஸைப் பார்த்தால்தான், கொடுத்த அட்வான்ஸ் வீண்போகவில்லை என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு நிம்மதி.

அதையே தூக்கிக்கொண்டு விளக்குத்தூண் பக்கம் போனால் கதை வேறு. “எந்தச் சேனல் தம்பி?” என்பார் ஒருவர். “எங்க தெருச் சாக்கடையையும் சேர்த்து எடுங்க” என்பார் அடுத்தவர். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போடுவார். எதை எடுக்க வந்தோமோ அது கலைந்துவிடும். அதனால் தெருவுக்கும் வெளியூருக்கும் என்னிடம் இருப்பது சின்ன கேமராதான்.

“அண்ணே, எது பெஸ்ட்?” என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் பட்ஜெட்டைக் கேட்பதில்லை. “ஆளுக்கும் உனக்கும் நடுவுல எத்தன அடி இருக்கும்?” என்றுதான் கேட்பேன். முழிப்பார்கள். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் சந்தையில் இருக்கும் முக்கால்வாசி மாடல்கள் தானாகவே கழிந்துவிடும். சட்டைப்பையில் அடங்கும் நல்ல கேமராக்கள் சிலவற்றுக்கு ஜூம் கிடையாது. ஒரே ஃபோக்கல் லென்த் (லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கும் என்று சொல்லும் மி.மீ. எண்; எண் குறைந்தால் அகலம் கூடும்), லென்ஸை மாற்றவும் முடியாது. கேமராவை வாங்கும்போதே நிற்கும் தூரத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

கணக்கு எளிது. எதிரே ஆறரை அடியில், அதாவது 2 மீட்டரில், ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். கேமரா படுக்கைவாக்கில் இருக்கிறது. 28 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய எட்டரை அடி அகலமும் ஐந்தரை அடி உயரமும் விழும். ஆள் அனேகமாக முழுசாக வருவார், கூடவே பக்கத்துக் கடையும் வரும். 35-இல் உயரம் நாலரை அடி. தலையிலிருந்து முழங்கால் வரை. 40-இல் நாலடி, தொடையோடு வெட்டும். 50-இல் மூன்றடிக்குக் கொஞ்சம் மேல், இடுப்புக்கு மேலே மட்டும்தான். இங்கே நான் சொல்லும் மி.மீ. எல்லாம் ஃபுல் ஃப்ரேம் கணக்குக்கு மாற்றியவை. பெட்டியில் வேறு எண் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், “ஈக்விவலன்ட்” எவ்வளவு என்று கேளுங்கள்.

உங்கள் தூரம் எது என்று கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை. போனைத் திறந்து கடைசியாகப் போன ஊர்ப் படங்களைப் பாருங்கள். போனின் சாதாரண 1எக்ஸ் லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. வரை இருக்கும். அதிலேயே எடுத்து, பிறகும் வெட்டாமல் வைத்திருந்தால் நீங்கள் 28 ஆள். எப்போதும் 2எக்ஸ் தட்டிவிட்டே எடுக்கிறீர்கள் என்றால் 40, 50 பக்கம் வாருங்கள். எடுத்தபின் ஓரங்களைக் கொஞ்சமாக வெட்டுகிறவர்களுக்கு 35.

பழைய டிஎஸ்எல்ஆரும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. ஜூம் வளையத்தை 18-இல் வைத்து செல்லோ டேப் ஒட்டி ஒரு வாரம் தெருவில் நடங்கள். அந்தக் கேமராவின் சென்சார் ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னது என்பதால் அது 28-க்குச் சமம். அடுத்த வாரம் 23 அல்லது 24-இல் ஒட்டுங்கள், 35 ஆகிவிடும். பிறகு 35-இல், அது 50-ஐ ஒட்டி வரும். எந்த வாரம் டேப்பைப் பிய்க்கக் கை அரிக்கவில்லையோ அதுதான் உங்கள் எண். யூடியூபில் மணிக்கணக்காக ரிவ்யூ பார்ப்பதைவிட இது உருப்படியான வேலை.

இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. பிரெஞ்சுப் போட்டோகிராஃபர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் பெரும்பாலும் லைக்கா கேமராவில் 50 மி.மீ. போட்டே வாழ்நாளை ஓட்டினார். 1950 ஏப்ரலில் ரமணர் சமாதியானபோது பிரெசோன் திருவண்ணாமலையில்தான் இருந்தார். ஜப்பானின் மொரியாமா டைடோ பல வருடம் ரிக்கோ ஜிஆர் கேமராவோடு, 28-இல், ஆளை உரசும் தூரத்தில் நடந்தவர். அவரவர் கூச்சம் அவரவர் தைரியம்.

எண் தெரிந்துவிட்டதா? இனி கேமராக்கள்.

28 என்றால் ரிக்கோ ஜிஆர் 3. 2019-இல் வந்தது. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம், உள்ளே 24 மெகாபிக்ஸல் ஏபிஎஸ்-சி சென்சார். பெரிய டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் இருக்கும் அதே அளவு சென்சார் சட்டைப்பைக்குள் வந்துவிடுகிறது. பட்டனை அமுக்கினால் ஒரு நொடிக்குள் தயார், ஒரு கையாலேயே எல்லாம் செய்யலாம். இதன் பெரிய சொத்து “ஸ்னாப் ஃபோகஸ்”. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும்: கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, ஃப்ளாஷ் இல்லை, திரை மடங்காது, தூசிக்கும் மழைக்கும் காப்பு இல்லை. பேட்டரி ஒரு சார்ஜுக்கு ஏறக்குறைய 200 படம்தான். 2025-இல் ஜிஆர் 4 வந்தது. 26 மெகாபிக்ஸல், கார்டு மறந்து போனாலும் சமாளிக்க உள்ளேயே 53 ஜிபி. அதிலும் வியூஃபைண்டர் கிடையாது.

40 என்றால் ஜிஆர் 3எக்ஸ், 2021-இல் வந்தது. உருவம் அதே, எடை 262 கிராம், லென்ஸ் மட்டும் வேறு. 28-இல் படம் முழுக்க மின்கம்பியும் பேனரும் நுழைகிறதே என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஏற்றது. என் பையில் இருப்பதும் இதுதான். காரணம் தொழில்: நாள் முழுக்க மனிதர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த அளவு சட்டென்று படிகிறது.

35 என்றால் ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை. புதியது 2024-இல் வந்த எக்ஸ்100 சிக்ஸ். 40 மெகாபிக்ஸல், எஃப் 2 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் கூடுதலாக வாங்கும்), உள்ளேயே கை நடுக்கத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசேஷன், வெயிலில் வெளிச்சத்தைக் குறைக்க நாலு ஸ்டாப் என்டி ஃபில்டர். எல்லாவற்றுக்கும் மேலாக உண்மையான வியூஃபைண்டர். கண்ணாடிவழியாக நேரே பார்க்கலாம், வேண்டாமென்றால் எலெக்ட்ரானிக்காக மாற்றிக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் பின்பக்கத் திரை கறுத்துப்போகும்போது இதன் அருமை தெரியும். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் வகை என்பதால் சத்தம் அநேகமாகக் கேட்காது. ஆனால் 521 கிராம். சட்டைப்பை தாங்காது, தோளில்தான் தொங்க வேண்டும். விலை ஒன்றரை லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ நிற்கும், வந்த புதிதில் உலகம் முழுக்கக் காத்திருந்துதான் வாங்கினார்கள். அந்தக் காசு இல்லையென்றால் 2020-இல் வந்த எக்ஸ்100வி, அதற்கு முந்தைய எக்ஸ்100எஃப் இரண்டும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். தெருப் படத்துக்கு எக்ஸ்100எஃப் இன்றைக்கும் தாராளம்.

“இம்புட்டுக் காசுக்கு ஜூம் கூட இல்லையாண்ணே?” என்பது அடுத்த கேள்வி. குடும்பத்தோடு கொடைக்கானல், ஹம்பி, காசி என்று போகிறவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். கோபுரத்து உச்சியிலிருக்கும் சுதைச் சிற்பத்தை 28-இல் எடுத்தால் கடுகாகத்தான் தெரியும். அவர்களுக்கு சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7: 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம், 302 கிராம், மேலே எழும்பும் சின்ன வியூஃபைண்டர். சென்சார்தான் ஒரு இஞ்ச் வகை, 13.2 × 8.8 மி.மீ.; ஏபிஎஸ்-சியின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பகலில் வித்தியாசம் தெரியாது. அந்திக்கு மேல் தெரியும், அதுவும் ஜூமை இழுத்தால் லென்ஸ் எஃப் 4.5-க்குப் போய்விடுவதால் நன்றாகவே தெரியும்.

லென்ஸ் மாற்றும் கேமராதான் வேண்டும் என்பவர்கள் சின்ன பாடியும் தட்டையான லென்ஸும் என்று போகலாம். ஃபியூஜியில் 27 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 100 கிராம் கூட வராது, 40-க்குச் சமம். மழையில் சுற்றுகிறவர்களுக்கு ஓஎம் சிஸ்டம் கம்பெனியின் ஓஎம்-5, கூடவே அதற்குரிய காப்பு உள்ள லென்ஸ். காசு இறுக்கமென்றால் 2014-இல் வந்த சோனி ஏ6000 பழசாகக் கிடைக்கும். லைக்கா க்யூ3 பற்றிக் கேட்பவர்களுக்கு: நல்ல கேமரா, அந்தக் காசுக்கு நான் கார் வாங்குவேன்.

மெகாபிக்ஸலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆல்பம் போடுகிறவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். 24 மெகாபிக்ஸல் படம் 6000 × 4000 புள்ளி. 300 டிபிஐ-யில், அதாவது ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி வைத்து, அச்சடித்தாலே 20 × 13 இஞ்ச் வருகிறது. கல்யாண ஆல்பத்தின் 12 × 18 தாளுக்குப் போக மிச்சம் இருக்கும். 40 மெகாபிக்ஸலின் பயன் வேறிடத்தில் இருக்கிறது: 35-இல் எடுத்த படத்தை 50 அளவுக்கு வெட்டினாலும் தாங்கும். உங்கள் படங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸோடு நிற்கும், அதுவும் பகலில்தான் எடுப்பீர்கள் என்றால் கையிலிருக்கும் போனே போதும். இதைச் சொன்னால் கடைக்காரர் என்னை முறைப்பார்.

இப்போது அந்த ஸ்னாப் ஃபோகஸ். தெருவில் ஆட்டோஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும் அரை நொடியில் படம் போய்விடும். அதற்கு மாற்று, தூரத்தை முன்கூட்டியே பூட்டிவைப்பது. ஜிஆர் 3-இல் தூரத்தை 2 மீட்டர் என்று வைத்து, எஃப் 8 வைத்தால், மூன்றேகால் அடியிலிருந்து தெருக்கோடி வரை போதுமான கூர்மையோடு விழும். பட்டனை ஒரே அமுக்காக அமுக்கினால் கேமரா ஃபோகஸ் தேடாது, நேரே எடுத்துவிடும். அதே 2 மீட்டர், எஃப் 8-இல் எக்ஸ்100-க்குக் கிடைக்கும் இடைவெளி குறுகியது: நாலடியிலிருந்து பதினாறு அடி வரை. தெரு வேலைக்கு அதுவும் போதும், வளையத்தைச் சுழற்றித் தூரத்தை வைத்துக்கொள்ளலாம், வியூஃபைண்டரிலேயே அளவுகோல் தெரியும். நீங்கள் பார்க்கும் எந்தக் கேமராவானாலும் கடையிலேயே கேளுங்கள்: தூரத்தை எண்ணாக வைக்க முடியுமா, அணைத்துப் போட்டாலும் அந்த எண் அப்படியே நிற்குமா?

வெளிச்சம் குறைந்தால் இந்த வித்தை சுருங்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நடக்கிற ஆள் கலங்காமல் விழ நொடியில் 500-இல் ஒரு பங்கு ஷட்டர் வேண்டும். எஃப் 8-இல் அப்படி எடுக்க, உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்ற எண்) 100 போதும். நிழலுக்குள் போனால் 800. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டின் கூரைக்குள் விடியற்காலையில் நுழைந்தால் 6400-ஐத் தாண்டிப் போகும். அங்கே எஃப் 2.8-க்குத் திறந்தாக வேண்டும். திறந்தால் 2 மீட்டரில் பூட்டிய ஜிஆர் 3-க்கு ஐந்தடிக்கும் பத்தடிக்கும் நடுவே மட்டும்தான் கூர்மை. விடியலும் இரவுமே உங்கள் நேரம் என்றால் எஃப் 2 லென்ஸுக்கு ஒரு கூடுதல் மதிப்பெண் போடுங்கள்.

மார்க்கெட் என்றதும் இன்னொன்று. மல்லிகைப் பூவை எடைபோடும் அக்காவை எடுக்கும்போது, “எதுக்குத் தம்பி போட்டோ?” என்று கேட்பார். சின்ன கேமரா என்றால் திரையைத் திருப்பிக் காட்டி “கை வேகமா போகுது பாருங்கக்கா, அதுக்குத்தான்” என்று சொல்லலாம், சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். வேண்டாம் என்றால் அவர் எதிரிலேயே அழித்துவிட வேண்டும். ஒளித்து எடுக்கச் சின்ன கேமரா வாங்காதீர்கள். ஆறரை அடியில் நிற்பவன் யார் கண்ணிலும் படாமல் இருக்க முடியாது. குழந்தைகள் என்றால் கூட இருக்கும் பெரியவரிடம் கேட்காமல் கேமராவை உயர்த்துவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் ஊரைப் பொறுத்தும் தேர்வு மாறும். குலசேகரன்பட்டினம் தசரா போகிற போட்டோகிராஃபர்கள் ஒவ்வொரு வருடமும் பெருகிக்கொண்டே போகிறார்கள். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி, குரங்கு, போலீஸ், குறவன் என்று வேடம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிவரும் கூட்டம், கடைசி நாள் கடற்கரையில் சம்ஹாரம். கடல் மணல், குங்குமப் பொடி, உப்புக்காற்று, தோளோடு தோள் உரசும் நெரிசல், இரவில் டியூப்லைட் வெளிச்சம்: சின்ன கேமராவுக்கு எதெல்லாம் ஆகாதோ அதெல்லாம் ஒரே இடத்தில்.

அங்கே லென்ஸைக் கழற்றுவது கூடவே கூடாது. ஆன் செய்தால் வெளியே நீண்டு, அணைத்தால் உள்ளே போகும் லென்ஸ் எதுவாக இருந்தாலும் மணல் காற்றில் ஆபத்து. லென்ஸ் நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் தூசி உள்ளே இழுபட வாய்ப்புண்டு. ஃபிக்ஸட் லென்ஸ் கேமராவில் சென்சாரில் தூசி உட்கார்ந்தால் நாமே ஊதித் தள்ள முடியாது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். அதனால் இந்த மாதிரி இடத்துக்கு எக்ஸ்100 சிக்ஸ் நல்லது. ஆனால் அதற்கும் காப்பு முழுமையாவது 49 மி.மீ. பாதுகாப்பு ஃபில்டரும் அதை மாட்டும் வளையமும் போட்டபின்தான். இரண்டையும் தனியாக வாங்க வேண்டும், விளம்பரத்தில் அந்த வரி சின்ன எழுத்தில் இருக்கும். ஜிஆர்தான் இருக்கிறது என்றால், மணலில் நிற்கும் நேரத்துக்கு அடிக்கடி ஆன், ஆஃப் செய்யாமல் வைத்திருங்கள், இடைவேளையில் ஜிப் பைக்குள் போடுங்கள்.

ஏசி பஸ்ஸிலிருந்தோ லாட்ஜ் ரூமிலிருந்தோ கடலோரப் புழுக்கத்துக்கு இறங்கினால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். இறங்கியவுடனே வெளியே எடுக்காமல் பைக்குள்ளேயே ஒரு இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். டிரை கேபினட் இருந்தால் ஈரப்பதம் 45 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். பீரோவுக்குள் லெதர் உறையோடு பூட்டி வைத்தால் ஐப்பசி மழைக்குள் பூஞ்சை வந்துவிடும்.

கோயில் நகரங்களுக்குப் போகிறவர்கள் ஒரு விஷயம் நினைவில் வைக்க வேண்டும். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனும் கேமராவும் கொண்டுபோக முடியாது. தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. சந்நிதி இருட்டில் எடுக்கலாம் என்று எண்ணி விலை உயர்ந்த லென்ஸ் வாங்க வேண்டாம். மாசி வீதிகளும் ஆடி வீதிக்கு வெளியே உள்ள கடைத்தெருவும் போதாதா?

கடைக்குப் போனால் ஷோகேஸ் விளக்கடியில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்து திரை தெரிகிறதா என்று பாருங்கள். பையிலிருந்து எடுத்து, ஆன் செய்து, ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நாலைந்து தடவை செய்து பாருங்கள். உள்ளங்கை வியர்க்கும் ஊர் நம் ஊர், பிடி வழுக்குகிறதா என்பதும் முக்கியம். பவர் பேங்கிலிருந்து யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்று கேளுங்கள். பழைய மாடல்களில் வேறு கேபிள் தேவைப்படும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை. எஃப் 16-இல் வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி நூல் மாதிரி கோடு தெரியும், அதுதான் பூஞ்சை, பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா, வளையங்கள் லூஸாக ஆடுகிறதா, பில்லில் உள்ள சீரியல் நம்பரும் அடியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். சென்னையில் பர்மா பஜார், ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விலை குறைத்துச் சொல்வார்கள். ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரண்டியும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணத்தை எடுங்கள். வெளிநாட்டிலிருந்து தம்பியோ மச்சானோ வாங்கிவருவதாக இருந்தால், அந்த வாரண்டி இங்கே செல்லுமா என்பதை முன்பே விசாரிக்க வேண்டும்.

பட்ஜெட் போடும்போது கேமரா விலையோடு நிறுத்திவிடாமல், கூடுதல் பேட்டரி (ஜிஆர் என்றால் இரண்டு), 64 ஜிபி கார்டு இரண்டு, மணிக்கட்டு ஸ்ட்ராப் ஒன்று என்று சேர்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போனால் தனி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. மிச்சம் காசு இருந்தால் இன்னொரு ஊருக்கு ரயில் டிக்கெட் எடுங்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் வாங்காதீர்கள். இரண்டு வாரம் முன்னதாக வாங்கி, வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே தினம் கொஞ்ச நேரம் எடுத்துப் பழகுங்கள். மெனுவில் தேவையில்லாத பீப் சத்தத்தை அணைத்துவிட்டு, ஃபோகஸ் தூரத்தையும் ஐஎஸ்ஓ-வையும் விரலுக்கு எட்டும் பட்டன்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறரை அடி எவ்வளவு என்று டேப் வைத்துத் தரையில் ஒரு தடவை அளந்து பாருங்கள்; இரண்டு மூன்று நாளில் கண்ணே சொல்லிவிடும்.